நினைவு இருக்கும்போதே கொடுத்தவர்கள்

(செப்டம்பர் 21, உலக அல்சைமர் நாளையொட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில், திபேரியக் கடலோரம் காலை உணவு முடிந்தபின், ஆண்டவர் பேதுருவிடம் மூன்று முறை கேள்வி கேட்கிறார். ஆடுகளை மேய்க்கும் பொறுப்பைத் தருகிறார். அந்தப் பகுதியைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அதை அடுத்து வரும் 18ஆம் வசனத்தைத்தான் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். இளமையில் தன் இடுப்பைத் தானே கட்டிக்கொண்டு விரும்பிய இடமெல்லாம் போய் வந்த பேதுரு, வயதான காலத்தில் கைகளை விரித்து நிற்பார். வேறொருவர் அவரைக் கட்டி, அவர் விரும்பாத இடத்திற்குக் கூட்டிப்போவார் என்கிறார் ஆண்டவர். இது பேதுரு எப்படி இறப்பார் என்பதைக் குறித்தது என்று நற்செய்தியாளரே விளக்கம் சொல்லிவிடுகிறார். ஆனால் மறதி நோய் வந்த தகப்பனுக்குத் தினமும் வேட்டி கட்டிவிடும் மகனுக்கும், தாய்க்குச் சேலை சுற்றிவிடும் மருமகளுக்கும் இந்த வசனம் வேறு மாதிரி கேட்கும். கையை விரித்து நிற்கும் பெரியவரை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

சீராக்கின் ஞான நூல் 3ஆம் அதிகாரம் இன்னும் நேரடியாகவே பேசுகிறது. தந்தையின் அறிவு தளர்ந்து போனாலும் பொறுமையாய் இரு, நீ வலுவாய் இருக்கிறாய் என்பதற்காக அவரை இகழாதே என்று பிள்ளைகளிடம் சொல்கிறது. கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நூல் அது. பெயர்தான் இல்லை; நோய் அன்றும் இருந்திருக்கிறது.

பெயர் வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1901ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் 51 வயதுப் பெண் ஒருவர் சேர்க்கப்பட்டார். அவரைக் கவனித்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர். 1906இல் அந்தப் பெண் இறந்ததும், அவருடைய மூளையை அல்சைமர் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்பு செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டான படிவுகளையும், உள்ளே முறுக்கிக்கொண்ட நூல்சிக்கல் போன்ற இழைகளையும் கண்டார். இன்றுவரை அந்த இரண்டும்தான் இந்நோயின் அடையாளம். மருத்துவ உலகம் அந்தப் பெண்ணுக்குப் பட்ட கடன் பெரிது. ஆனால் கொடுக்கிறாயா என்று கேட்டால் பதில் சொல்லும் நிலையில் அவர் இல்லை.

நான் இன்று சொல்லவந்தது, கேட்கப்பட்டு, யோசித்து, சரி என்று சொன்னவர்களைப் பற்றி.

நோட்டர் டேம் பள்ளி அருள்சகோதரிகள் என்று ஒரு சபை உண்டு. 1833இல் ஜெர்மனியின் பவேரியாவில் அருளாளர் தெரேசா கெர்ஹார்டிங்கர் தொடங்கியது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதே அவர்களுடைய அழைப்பு. 1986ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் மன்கேட்டோ என்ற ஊரில் இருந்த அவர்களுடைய மடத்திற்கு டேவிட் ஸ்னோடன் என்ற இளம் ஆராய்ச்சியாளர் வந்தார். முதுமையைப் பற்றி ஆராய விரும்பினார். சில ஆண்டுகளில் அது அல்சைமர் நோய் பற்றிய பெரிய ஆய்வாக வளர்ந்தது. அமெரிக்கா முழுவதும் அந்தச் சபையில் 75 வயதைத் தாண்டிய சகோதரிகளிடம் வேண்டுகோள் வைக்கப்பட்டது. இரண்டு காரியங்களைக் கேட்டார்கள். ஆண்டுதோறும் நினைவாற்றல், உடல்நலப் பரிசோதனைகளுக்கு உட்பட வேண்டும். இறந்தபின் மூளையை ஆய்வுக்குக் கொடுக்க வேண்டும்.

தகுதி பெற்றிருந்தவர்கள் 1,027 பேர். சம்மதித்தவர்கள் 678 பேர். மீதி 349 பேர் சம்மதிக்கவில்லை. அதற்காக யாரும் அவர்களைக் குறை சொல்லவும் இல்லை. எனக்கு இந்த இரண்டாவது எண்ணும் முக்கியம். கீழ்ப்படிதலுக்கு வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் அவர்கள். ஆனாலும் இந்தக் காரியம் மடத்துத் தலைவியின் கட்டளையால் நடக்கவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே முடிவெடுத்தார்கள். ‘வேண்டாம்’ என்று சொல்ல இடம் இருந்ததால்தான் மற்றவர்கள் சொன்ன ‘சரி’ காணிக்கை ஆனது.

கன்னியர் மடத்தை ஏன் தேர்ந்துகொண்டார்கள் என்று கேட்கலாம். ஒரே வகையான வீடு, ஒரே சாப்பாடு, புகைப்பழக்கம் கிடையாது, ஒரே மாதிரி மருத்துவ வசதி. வெளியுலகில் இருவரை ஒப்பிட்டால் நூறு வேறுபாடுகள் குறுக்கே வரும். மடத்தில் அவற்றில் பல இல்லை. போதாததற்கு மடத்து ஆவணக் காப்பகம் இருந்தது. எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடாதவர்கள் நம் அருள்சகோதரிகள். அது நல்லதாய்ப் போயிற்று.

இறுதி வார்த்தைப்பாட்டுக்கு முன், இருபது வயதுகளில், அந்தச் சகோதரிகளில் பலர் தங்கள் வாழ்க்கை வரலாற்றை ஒரு தாளில் சுருக்கமாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். எங்கே பிறந்தேன், அப்பா என்ன வேலை செய்தார், இறையழைத்தல் எப்படி வந்தது என்ற அளவில்தான். அறுபது ஆண்டுகள் அலமாரியில் கிடந்த அந்தத் தாள்களை ஆய்வாளர்கள் எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் எத்தனை கருத்துகள் அடங்கியிருக்கின்றன என்று எண்ணினார்கள். 1996இல் முடிவு வெளிவந்தது. இளமையில் கருத்துச் செறிவோடு எழுதியவர்களைவிட, செறிவு குறைவாக எழுதியவர்களுக்கு முதுமையில் நினைவுக் குறைபாடு கூடுதலாக இருந்தது. இதைக் கேட்டுவிட்டு யாரும் பேரப்பிள்ளையின் கட்டுரை நோட்டைப் புரட்டிப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். ஒருவருக்கு நோய் வரும், ஒருவருக்கு வராது என்று அந்தத் தாள் சொல்லவில்லை. நோயின் வேர் முதுமைக்கு வெகுகாலம் முன்பே இறங்கியிருக்கலாம் என்ற சந்தேகத்தை அது எழுப்பியது, அவ்வளவே.

என்னை அதிகம் தொட்டது ஆய்வுக் கட்டுரைகளில் ‘சகோதரி மேரி’ என்று குறிக்கப்படுபவரின் செய்தி. 80 வயது தாண்டியும் பாடம் நடத்தியவர். 101 வயதில் இறந்தார். இறப்பதற்குச் சில காலம் முன்புவரை எல்லாப் பரிசோதனைகளிலும் நல்ல மதிப்பெண். அவருடைய மூளையை ஆராய்ந்தபோது, அல்சைமர் கண்ட அதே படிவுகளும் அதே நூல்சிக்கல்களும் ஏராளமாக இருந்தன. நோய் மூளைக்குள் இருந்திருக்கிறது, வாழ்க்கையில் வெளிப்படவில்லை. ஏன் என்பதற்கு முழுப் பதில் இன்னும் இல்லை. ஒரு பகுதிப் பதில் வேறு சகோதரிகளிடமிருந்து கிடைத்தது. மூளையில் அல்சைமர் படிவுகளோடு சிறு சிறு இரத்த அடைப்புகளும் சேர்ந்திருந்தவர்களுக்கு மறதி நோய் வெளிப்பட்டிருந்த வாய்ப்பு மிக அதிகமாக இருந்தது என்று 1997இல் கண்டார்கள். பக்கவாதத்தைத் தடுப்பதும் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதும் நினைவையும் காக்கும் என்று இன்று மருத்துவர்கள் வலியுறுத்துவதற்கு இப்படிப்பட்ட முடிவுகளும் ஒரு காரணம். பிரஷர் மாத்திரையை ஒருநாள் போட்டு இரண்டு நாள் விடும் பெரியவர்களே, உங்களுக்காகவும்தான் அந்தச் சகோதரிகள் அதைக் கொடுத்தார்கள்.

கவனியுங்கள். இறந்தபின் மூளையை மட்டும் பார்த்திருந்தால், சகோதரி மேரிக்குக் கடுமையான மறதி நோய் இருந்தது என்று எழுதியிருப்பார்கள். உயிரோடிருந்தபோது செய்த பரிசோதனையை மட்டும் பார்த்திருந்தால், அவருக்கு நோயே இல்லை என்று எழுதியிருப்பார்கள். ஒரே ஆள் இரண்டையும் கொடுத்ததால்தான் உண்மை தெரிந்தது. நல்ல நினைவோடு இருப்பவர்களும் ஆய்வுக்குத் தேவை என்பதும் இதனால்தான். நோய் வந்தவர்களை மட்டும் பார்த்தால் எதோடு ஒப்பிடுவது?

இந்த இடத்தில் சிலர் மனத்தில் ஒரு கேள்வி எழும். பங்கு மக்கள் இதை அருள்பணியாளர்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். உடலிலிருந்து ஓர் உறுப்பை எடுத்துவிட்டால், கடைசி நாளில் எப்படி உயிர்த்தெழுவது? சிங்கங்களுக்கு இரையான அந்தியோக்கியா புனித இஞ்ஞாசியார் எப்படி உயிர்த்தெழுவாரோ அப்படித்தான். மண்ணில் விதைப்பது ஒன்று, முளைத்து வருவது வேறொன்று என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 15ஆம் அதிகாரத்தில் விளக்குகிறார். இறந்தபின் அறிவியல் ஆய்வுக்காக உடலைத் திறந்து பரிசோதிப்பது ஒழுக்கநெறிப்படி ஏற்கத்தக்கது என்றும், இறப்புக்குப்பின் உறுப்புகளை மனமுவந்து இலவசமாகக் கொடுப்பது பாராட்டுக்குரியது என்றும் கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல் 2301ஆம் எண்ணில் சொல்கிறது. 1956இலேயே, கண் கொடையாளர்களிடம் பேசிய திருத்தந்தை 12ஆம் பயஸ், துன்புறுவோரின் நலனுக்காக இறந்தவரின் உடலைப் பயன்படுத்துவது அவருக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது என்றார். அதே சமயம் குடும்பத்தாரின் உரிமையையும் உணர்வையும் மதிக்க வேண்டும் என்றும் சொன்னார். இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. புனித பிரான்சிஸ் சலேசியார் பதுவா நகரில் மாணவராக இருந்தபோது சாகும் நிலைக்குப் போனார். தன் உடலை மருத்துவ மாணவர்களிடம் கொடுத்துவிடுங்கள், உயிரோடு இருந்தபோது பயன்படாதவன் செத்தாவது பயன்படுகிறேன் என்ற கருத்தில் அவர் கேட்டுக்கொண்டதாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிழைத்துக்கொண்டார், திருஅவைக்கு ஒரு மறைவல்லுநர் கிடைத்தார்.

ஆய்வுக்குத் தன்னைக் கொடுப்பதில் பலன் கிடைக்காமல் போவதும் உண்டு. தென் அமெரிக்காவின் கொலம்பியாவில் அந்தியோக்கியா என்றே ஒரு மாநிலம் இருக்கிறது. அங்குள்ள மலைக் கிராமங்களில், ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்த பலருக்கு 45 வயதை ஒட்டியே மறதி தொடங்கிவிடும். ஒரே ஒரு மரபணுப் பிழை தலைமுறை தலைமுறையாக வருகிறது. பிரான்சிஸ்கோ லொப்பேரா என்ற மருத்துவர் 1980களில் தொடங்கி அந்தக் குடும்பங்களை வீடு வீடாகத் தேடிப் போனார். யார் யாருக்குப் பிறந்தார் என்று கோர்ப்பதற்குப் பங்கு ஆலயங்களின் பதிவேடுகளும் உதவின. (நம் பங்கு அலுவலகங்களில் கரையான் அரிக்கும் திருமுழுக்குப் பதிவேடுகளைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லாமல் போகிறேன்.) 2013இல் 252 பேர் ஒரு மருந்துச் சோதனையில் சேர்ந்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டார்கள். 2022இல் முடிவு வந்தது. அந்த மருந்து நோயைத் தடுத்ததாகத் தெளிவாகக் காட்ட முடியவில்லை.

மருந்து பலிக்காது என்று அறிந்துகொண்டதும் அறிவுதான் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் தாயைப் பறிகொடுத்து, தனக்கும் அதே மரபணு இருக்குமோ என்று அஞ்சி நிற்கும் ஒருவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். அவர்களுடைய ஏமாற்றத்தை மூடி மறைத்து இதை அழகான தியாகக் கதையாக்க எனக்கு மனமில்லை. அதே குடும்பத்தில் ஒரு பெண்மணி, அந்த மரபணுப் பிழை இருந்தும், எழுபது வயதுவரை நினைவோடு இருந்தார். அவரிடம் இன்னோர் அரிய மரபணு மாற்றம் இருந்து அவரைக் காத்திருக்கிறது என்று 2019இல் வெளியிட்டார்கள். இறந்தபின் அவருடைய மூளையும் ஆய்வுக்குத் தரப்பட்டது. புதிய மருந்துக்கான ஒரு வழியை இன்று அதிலிருந்து தேடுகிறார்கள். இப்படிக் குடும்பம் குடும்பமாக வரும் வகை மிக அரிது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டிக்கு மறதி வந்தது என்பதற்காகப் பேத்திக்கும் வந்தே தீரும் என்று இல்லை. பேத்தியின் கல்யாணப் பேச்சு முடியும்வரை பாட்டியைப் பின்கட்டு அறையில் வைத்துப் பூட்டும் வீடுகள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

நம் பக்கம் வருகிறேன். 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் ஒரு குழுவை அமைத்து அதற்கு 10/66 என்று பெயர் வைத்தார்கள். டிமென்ஷியா உள்ளவர்களில் நூற்றுக்கு 66 பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள். ஆனால் மக்களிடையே நடக்கும் ஆய்வுகளில் நூற்றுக்குப் பத்துகூட அங்கே நடப்பதில்லை என்பதே அந்தப் பெயரின் பொருள். அந்தக் குழு சென்னையிலும், வேலூரை ஒட்டிய கிராமங்களிலும் 65 வயது கடந்தவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தது.

அதுவரை புழக்கத்தில் இருந்த பல கேள்விகள் பள்ளிக்கூடம் போனவர்களுக்கானவை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வா, ஒரு வாக்கியம் எழுது, இந்தப் படத்தைப் பார்த்து வரை. பென்சிலையே பிடிக்காத ஒரு பாட்டியிடம் இதைக் கேட்டால், நல்ல நினைவோடு இருக்கும் அவருக்கே பூஜ்யம்தான் கிடைக்கும். அதே பாட்டி ஊரில் யார் யாருக்கு எத்தனை படி நெல் கடன் என்று பத்து வருஷக் கணக்கை வாயாலேயே சொல்வார். இன்னொரு பக்கம், உண்மையாகவே மறதி வந்தவரைப் பழைய அளவுகோல் கண்டுகொள்ளவில்லை. நோய் என்று முடிவுசெய்ய, அன்றாட வேலைகளைச் செய்ய முடியாமல் போகவேண்டும் என்பது அதன் விதி. நம் வீடுகளில் வயதானவரை வேலை செய்ய விடுவதில்லை. சமையல் மருமகள் பார்த்துக்கொள்கிறாள், கடைக்குப் பேரன் போகிறான். கேட்டால், ‘வயசாயிருச்சு, அப்படித்தான் இருப்பாங்க’ என்கிறோம். பாசத்தால் செய்வதுதான், ஆனால் நோய் அதற்குள் மறைந்துகொள்கிறது. பழைய அளவுகோலின்படி அந்தக் கிராமங்களில் நூற்றுக்கு 0.3 பேருக்குத்தான் டிமென்ஷியா. படிப்பும் பழக்கவழக்கமும் குறுக்கே வராதபடி குழு தயாரித்த புதிய முறையில் அளந்தபோது அது பல மடங்கு கூடியது. கணக்கில் வராத அத்தனை பேரும் யாரோ ஒருவருடைய வீட்டில், சிகிச்சையோ பெயரோ இல்லாமல் இருந்தவர்கள்.

இந்த உண்மை எப்படித் தெரிந்தது? வேலூர்க் கிராமத்துத் திண்ணையில் முன்பின் தெரியாத ஒருவரை உட்காரவைத்து, அவர் சொன்ன பத்துச் சொற்களைத் திரும்பச் சொல்லிக் காட்டிய பெரியவர்களால். கேட்ட கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கிப் பதில் சொன்ன மருமகள்களால். அவர்கள் யாருக்கும் அதனால் நோய் குணமாகவில்லை. அமெரிக்காவில் அந்த 678 பேருக்கும் குணமாகவில்லை. இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் ஏறக்குறைய 88 இலட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. அதைக் கணக்கிட முடிந்ததும் இப்படிக் கதவைத் திறந்தவர்களால்தான்.

ஆகவே உங்கள் வீட்டுக் கதவை யாராவது தட்டினால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள் என்கிறேனா? இல்லை. ஏழைகளின் உடலை அவர்களுக்கே சொல்லாமல் ஆய்வுக்குப் பயன்படுத்திய வெட்கக்கேடுகள் உலக வரலாற்றில் உண்டு. எனவே கேள்வி கேளுங்கள். இது வெறும் கேள்வி-பதில் ஆய்வா, இரத்தம் எடுப்பார்களா, மருந்து கொடுத்துப் பார்ப்பார்களா? நெறிமுறைக் குழுவின் அனுமதி எங்கே? மருந்துச் சோதனை என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். 2009 முதல் அது கட்டாயம். பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? எப்போது வேண்டுமானாலும் விலகலாமா, விலகினால் எங்கள் வழக்கமான வைத்தியம் நிற்குமா? தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். சேருவதற்கு உங்களிடம் பணம் கேட்டால், அப்போதே வாசலைக் காட்டுங்கள். மருந்துச் சோதனையில் உங்களுக்கு மருந்தில்லாத வெற்று ஊசியும் கிடைக்கலாம். யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாது. இதைத் தெரிந்துகொண்டே சேர வேண்டும்.

எல்லாவற்றையும்விட அவசரமான காரியம் ஒன்று. இந்த முடிவுக்கும் காலம் உண்டு. மறதி முற்றியபின் அம்மாவிடம் கேட்க முடியாது. அப்போது பிள்ளைகள் கூடி, அம்மா இதை விரும்பியிருப்பாரா என்று ஊகிக்க வேண்டியிருக்கும். அண்ணன் ஒன்று சொல்வான், தங்கை வேறொன்று சொல்வாள். பேதுரு தன் இடுப்பைத் தானே கட்டிக்கொள்ள முடிந்த காலத்தில்தான் ஆண்டவர் அவரிடம் கேட்டார். 60, 65 வயதில் நல்ல நினைவோடு இருக்கும்போதே பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லுங்கள். ஆய்வில் சேர்க்கலாம், சேர்க்க வேண்டாம். கண்ணைக் கொடுங்கள், உடலைக் கொடுங்கள், கொடுக்க வேண்டாம். எதுவானாலும் உங்கள் வாயால் சொல்லுங்கள். ‘அச்சானியமா பேசாதீங்க’ என்று பிள்ளைகள் தடுப்பார்கள். தடுத்தாலும் சொல்லி முடியுங்கள்.

வருகிற ஞாயிறு திருப்பலியில், நம்பிக்கையாளர் மன்றாட்டில் ஒரு கருத்தைச் சேர்க்கும்படி உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். மறதி நோயால் துன்புறும் நம் பங்கு மக்களுக்காக, அவர்களுக்கு உடுத்தி ஊட்டும் குடும்பத்தாருக்காக, இந்நோயை ஆராய்பவர்களுக்காக, தங்களையே அதற்குக் கையளித்து இறந்துபோனவர்களுக்காக. உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் அவர் பெயரையும் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் அவரையும் ஆலயத்துக்கு அழைத்து வாருங்கள். நடுவில் எழுந்து நடந்தால் நடக்கட்டும். பிள்ளையின் பெயரை மறந்தவர்கள் செபமாலை சொல்லும்போது தடங்கல் இல்லாமல் கூடச் சேர்ந்து சொல்வதை, நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் அருள்பணியாளர்கள் பலர் கண்டிருக்கிறார்கள்.